ஆறாவது தீர்மானம்

கைகள் உயர்ந்துவிட்டன என்றுதான் நினைக்கிறேன். புதிய சாலை ஹால்டன் ஊர் வழியாகப் போக வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று சொன்னது என் குரல்தான், அது எனக்கே கேட்டது, சொல்லி முடித்ததும் எதிரில் ஏதோ பெரிதாக அசைந்தது, படுத்திருந்த மந்தை ஒன்று எழுந்து நிற்பதைப் போல. பிறகு அமைதி. நான்காயிரம் ஆண்கள் கையைத் தூக்கியோ தூக்காமலோ நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்க்கிறேன், அதாவது அவர்கள் இருக்கும் திசையில் முகத்தை வைத்திருக்கிறேன். இந்த மாநிலத்தில் சட்டம் இப்படித்தான் உண்டாகிறது. மே மாதத்து முதல் ஞாயிறு, தேவாலயத்தின் வெள்ளைச் சுவரை ஒட்டிய புல்வெளி, சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு மரமேடை, மேடை முனையில் நீண்ட வாளை ஊன்றிக்கொண்டு மாநிலத் தலைவர். யாரும் கைகளை எண்ணுவதில்லை. தலைவர் பார்க்கிறார், இது அதிகம் அல்லது அது அதிகம் என்கிறார், முடிந்தது. மேல்முறையீடு கிடையாது, மானமுள்ளவர்கள் முணுமுணுப்பதுகூட இல்லை. அடுத்த தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கும்வரை தலைவர் தானாகத் தன் சொல்லைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் நான் பெற்றதில்லை, எனக்கு முன்னால் இருந்தவரும் பெற்றதாகக் கேள்வியில்லை. பெர்ன் நகரத்தில் ஒரு வழக்கறிஞர் விருந்துக்கு நடுவே கேட்டார், இம்தால் அவர்களே, உங்கள் கண் அவ்வளவு நல்ல தராசா என்று. மேஜை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, அந்த வழக்கறிஞரின் பல்லிடுக்கில் கீரை இருந்ததுகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது. நினைவில் இருப்பதெல்லாம் துல்லியமாகத்தான் இருக்கிறது. எதிரில் இருப்பதுதான் இல்லை.

இரண்டு வருடமாக இப்படி. காய்ச்சிய பாலில் ஆடை படர்வதைப் போல முதலில் இடது கண், அதற்கடுத்த குளிர்காலத்தில் வலதும். சூரிச் மருத்துவர் ஊசியால் அந்த ஆடையைத் தள்ளிவிடலாம் என்றார், பத்து நாள் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சில பேருக்குச் சரியாகிறது, சில பேருக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்றும் சொன்னார். சபை முடியட்டும் என்று ஒத்திப்போட்டேன். வெரேனாவுக்கு மட்டும் தெரியும். மனைவியிடமிருந்து எதையும் மறைக்க முடிந்ததில்லை, காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிய அன்றே அவள் எதுவும் கேட்காமல் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அன்றைய தபாலை உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். இன்றைய பதினொரு தீர்மானங்களையும் மூன்று வாரமாக அவள் வாசிக்க வாசிக்க நான் மனப்பாடம் செய்தேன், கையில் இருக்கும் தாள் வெறும் காட்சிக்கு. கைகளைப் பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எங்கள் ஆண்கள் சபைக்குக் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்டு வருவார்கள். கை உயரும்போது அந்தக் கறுப்பு வெளுக்கும். எந்தத் தடவை அதிகம் வெளுக்கிறதோ அது பெரும்பான்மை. போன வருடம் அப்படித்தான் ஒன்பது தீர்மானம் ஓட்டினேன், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, ஒன்பதும் சரியாக இருந்தது, அல்லது ஒன்பதும் எனக்குத் தெரியாது. இன்றைக்குக் காலையில் முதல் ஐந்தும் எளிதாகப் போயின, ஆடு மேய்க்கும் தேதி, தீயணைப்பு வண்டி, அந்த மாதிரி, எல்லோரும் கை தூக்குவார்கள் அல்லது யாரும் தூக்கமாட்டார்கள். ஆறாவதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது புறங்கையில் ஏதோ ஈரமாக விழுந்தது. பனி. மே மாதத்தில் பனி. தோளிலும் தொப்பியிலும் விழுந்து தங்குகிற மெல்லிய பனி, அது எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் யாரும் கை தூக்காதபோதே வெளி முழுவதும் வெளுத்துக்கிடந்தது. சபைச் சேவகர் மெல்க் என் வலப்பக்கம் நிற்கிறார். சந்தேகமாக இருந்தால் மெல்க் பக்கம் காதை வை, நல்ல மனிதர், ஏதாவது குறிப்புக் கொடுப்பார் என்று வெரேனா சொல்லியிருந்தாள், அவரிடம் அவளே போய்ப் பேசினாளா இல்லையா என்பதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது சதியாகியிருக்கும். இப்போது மெல்க் இருமுகிறார். ஒரு தடவை. இரண்டு தடவை. இது ஹால்டன் அதிகம் என்பதா, இல்லை என்பதா. பிறகு மூன்று தடவை, கடைசியில் மூக்கை உறிஞ்சுகிறார். மெல்க்குக்கு வியாழக்கிழமையிலிருந்து ஜலதோஷம்.

கை இறக்கலாம் என்றேன். ரோட்பாக் வழியாக என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். மறுபடியும் அந்த அசைவு, அது முந்தியதைவிடச் சிறியது, ஆம், சிறியது, ஈரக் கோட்டுகள் உரசுகிற சத்தமும் குறைவு, எனக்கு இடப்பக்கம் ஆற்றுப்புறத்தில் மட்டும்தான் சத்தம், அங்கேதான் ரோட்பாக் ஆட்கள் நிற்பார்கள், பருத்தி ஆலைக்காரர்கள், முதலாளி ட்ரும்பியின் ஆட்கள். ட்ரும்பி என் முதுகுக்குப் பின்னால் ஆலோசனைக் குழுவினருக்கான பெஞ்சில் இருக்கிறார், அவருடைய புகையிலை வாசனை வருகிறது. ஆக ஹால்டன்தான் அதிகம். சொல்லிவிட வேண்டியதுதான். சாலை ஹால்டன் வழியாகப் போனால் அங்கே அறுபது வீடு நிற்கும், போகாவிட்டால் பத்து வருடத்தில் அறுபது கூரை இடியும், இப்போதே பதினொரு வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒவ்வொரு பூட்டையும் எனக்குத் தெரியும், அதில் ஒன்று நான் பிறந்த வீடு. சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. ஐம்பத்து நான்காம் வருடம், நான் தலைவரான இரண்டாவது சபை, பாலம் எங்கே கட்டுவது என்ற தீர்மானம். அன்றைக்கு வெயில். எனக்கு நாற்பத்தைந்து வயது, மலைச்சரிவில் ஆட்டைப் பார்த்து யாருடைய ஆடு என்று சொல்லக்கூடிய கண். ஹால்டன் அதிகம் என்று பார்த்தேன், ஹால்டன் அதிகம் என்று சொன்னேன். மறுநாள் பத்திரிகையில் ஒரே ஒரு வாக்கியம் போட்டிருந்தார்கள்: தலைவரின் கண்ணுக்குச் சொந்த ஊர் இருக்கிறது. அவ்வளவுதான், பெயரில்லை, திட்டில்லை, பக்கத்திலேயே விதை உருளைக்கிழங்கு விளம்பரம். ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பதில். நான் பார்த்ததைச் சொன்னேன் என்று எழுதினால், அதைத்தானே அவர்களும் சொல்கிறார்கள். பத்தொன்பது வயதில் நேப்பிள்ஸ் மன்னரின் கூலிப்படையில் சேர்ந்தபோது கண்ணைச் சோதித்துத்தான் எடுத்தார்கள். திரும்பி வந்து ஊர் எழுத்தர், பிறகு எல்லைத் தகராறு நீதிபதி, மேய்ச்சல் நிலத்தில் நின்று இந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்வேன், அதில் இரண்டு தரப்பும் சமாதானமாவார்கள். நாற்பத்தேழாம் வருடத்து உள்நாட்டுச் சண்டையில் கேப்டன். பெர்னில் பிரதிநிதி. எல்லாவற்றிலும் என் மூலதனம் பார்வைதான், நான் பெரிய பேச்சாளன் இல்லை, படித்தவன் இல்லை, இம்தால் பார்த்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர், அதை வைத்துத்தான் இங்கே நிற்கிறேன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஹால்டன் சம்பந்தப்பட்ட எதையும் நான் நேராகப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கியபோது ஹால்டனுக்கு எதிராகக் கையெழுத்திட்டேன். வெள்ள நிவாரணத்தில் ஹால்டனைக் கடைசியில் வைத்தேன். தம்பி ஃப்ரிட்லி ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் சொன்னான், நீ தலைவர் ஆகாமல் இருந்திருந்தால் நம் ஊருக்கு ஏதாவது கிடைத்திருக்கும் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னான், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

தெளிவில்லை, மறுபடியும் என்றேன். எதிரில் ஒரு முனகல், குளிர்கிறது அவர்களுக்கு, யாரோ தலைவர் இன்றைக்குக் கணக்குப் பாடம் படிக்கிறார் என்றான், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிப்பு எனக்கு நல்லதாகப் பட்டது, சிரிக்கிறவர்கள் சந்தேகப்படமாட்டார்கள். ஹால்டன். அசைவு, சத்தம், பெரியது. ரோட்பாக். அசைவு, சத்தம், சிறியது. இரண்டு தடவையும் அதே. இரண்டு தடவையும் அதே என்பது நிரூபணமா, அல்லது ஒரே ஆசை இரண்டு தடவை பார்த்ததா. பால் ஆடைக்குப் பின்னால் நான் பார்ப்பது கைகளையா, அல்லது பார்க்க விரும்புவதையா. கண் தெரிந்த காலத்திலேயே என் கண்ணுக்கு ஊர் இருந்தது என்றார்களே, கண் தெரியாத காலத்தில் ஊரைத் தவிர அதற்கு வேறு என்ன இருக்கும். சந்தேகமானால் ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு பேரை அழைத்து அவர்களோடு சேர்ந்து பார்க்கலாம், அதுவும் விதிதான், அதில் அவமானம் இல்லை. நான்கு பேர் வந்து பக்கத்தில் நிற்பார்கள். அங்கே பாருங்கள் தலைவரே, அந்த வேலி ஓரத்தில் என்பார் ஒருவர். எந்த வேலி. நான் தலையைத் தவறான பக்கம் திருப்புவேன். ஏழாவது தீர்மானம் தலைவர் தேர்தல், என் பெயர்தான், ஒரே பெயர். குருடனுக்கு யார் கை தூக்குவார்கள். தூக்கக் கூடாது, சரிதான், நானே தூக்கமாட்டேன். ஆனால் அதற்காக அழைக்காமல் இருக்கிறேனா, அல்லது அழைக்கத் தேவையில்லை என்பதால் அழைக்காமல் இருக்கிறேனா, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றேன், ஒன்றின் விளிம்பு இன்னொன்றுக்குள் போய்விட்டது. வாளின் பிடி உள்ளங்கையில் பனிக்கட்டியாக இருந்தது. மெல்க் இருமினார். அப்போது ஒரு யோசனை வந்தது, அது வந்தபோது மிகவும் நேர்மையான யோசனையாக இருந்தது, அப்படியொரு நேர்மை எனக்கு வாய்த்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது: என் ஆசை ஒரு பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரியும், எவ்வளவு சாய்கிறது என்று தெரியாது, ஆகவே சாய்வுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன்தான் நேராக நிற்கிறான். எல்லைக் கல்லைப் பார்க்கும்போது அப்படித்தான் செய்வோம், சரிவில் நிற்கிறோம் என்றால் தலையைச் சாய்த்துப் பார்ப்போம். தலையைச் சாய்த்தேன். "ரோட்பாக் வழியே அதிகம்" என்றேன்.

வாய் மூடிய உடனே தெரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அந்தக் கணத்தில் தெரிந்ததா, அல்லது அதற்குப் பிறகு வந்த அமைதியிலிருந்து தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. வென்றவர்கள் எப்போதும் ஒரு சத்தம் போடுவார்கள், பெரிய சத்தம் இல்லை, மூச்சை விடுகிற மாதிரி ஒன்று. ரோட்பாக் ஆட்கள் அதைப் போடவில்லை. இடப்பக்கம் ஆற்றின் சத்தம் மட்டும். தோற்றவர்கள் கால் மாற்றி நிற்பார்கள், சேறு சப்பென்று கேட்கும். அதுவும் இல்லை. நான்காயிரம் பேர் என் சொல் தங்கள் காதில் சரியாக விழுந்ததா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து, ஹால்டன் ஆட்கள் நிற்கும் கூட்டத்துக்குள்ளிருந்து, ஒருவன் "பால்ட்ஸ்" என்றான். உரக்கக்கூட இல்லை. சபை நாளில் இந்தப் புல்வெளியில் நின்று யாரும் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, என் அப்பா உயிரோடு இருந்தால் அவரும் தலைவரே என்றுதான் சொல்லியிருப்பார். ஃப்ரிட்லிதான். அவன் வேறெதுவும் சொல்லவில்லை. தகராறு செய்தால் தண்டனை என்று அவனுக்குத் தெரியும், பெயர் சொன்னதற்குத் தண்டனை விதியில் இல்லை. சின்ன வயதில் தொழுவத்தில் இருட்டுக்குள்ளே நான் ஏணியில் தவறான படியில் கால் வைக்கப்போகும்போது இப்படித்தான் கூப்பிடுவான், அதே அளவுக் குரல். புகையிலை வாசனை பக்கத்தில் வந்தது. ட்ரும்பி எழுந்து வந்து என் காதருகே குனிந்திருந்தார். "எங்களைவிட ஹால்டன் ஆட்கள் ஐந்நூறு பேராவது அதிகம், தலைவரே. நான் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஏன் செய்தீர்கள் என்று கேட்க மாட்டேன்" என்றார். அவர் குரலில் கேலி இருந்ததா. ட்ரும்பி எல்லாவற்றையும் கேலியாகச் சொல்கிறவர், மனைவியின் சவ அடக்கத்தில்கூட ஒரு வேடிக்கை சொன்னார். என்னைக் குழப்பித் திரும்பப் பெற வைத்து, ஏழாவதில் கவிழ்க்கப் பார்க்கிறாரா. ஆனால் திரும்பப் பெற்றால் சாலை அவர் கையைவிட்டுப் போய்விடும், தன் சாலையை விலையாகக் கொடுத்து என்னைக் கவிழ்ப்பதில் அவருக்கு என்ன. அல்லது உண்மையைச் சொல்கிறாரா, வெறுமனே, வென்றவனுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக. ட்ரும்பிக்குக் கூச்சம் உண்டா. யோசித்துப் பார்த்தேன், முப்பது வருடப் பழக்கத்தில் அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது, இந்தக் கேள்விக்கு அதில் விடை இல்லை. இன்னும் நேரம் இருந்தது. ஏழாவதை நான் வாசிக்கத் தொடங்கவில்லை. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், எனக்குக் கண் தெரியவில்லை, நான்கு பேர் முன்னால் வாருங்கள். மூன்று சிறிய வாக்கியம். வெரேனா இதை எழுதி வாசித்திருந்தால் மனப்பாடம் ஆகியிருக்கும். முதல் வாக்கியம் தொண்டைவரை வந்தது, அதை அங்கே வைத்துக்கொண்டு, இதைச் சொன்னால் போன வருடத்து ஒன்பதும் போகுமே என்று நினைத்தேன், அதற்கு முந்தியவையும் போகும், ஐம்பத்து நான்காம் வருடத்துப் பாலம்வரை போகும், அந்தப் பாலத்தில் தினமும் வண்டிகள் போகின்றன, ஒரு மாநிலத்துச் சட்டம் முழுவதும் என் கண்மேல் நிற்கிறது, அதை எடுத்தால் எத்தனை கூரை இடியும், இது மாநிலத்துக்காக நான் செய்கிற காரியம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஏழாவது தீர்மானம், மாநிலத் தலைவர் பதவிக்கான தேர்தல் என்று யாரோ வாசித்தது கேட்டது. நல்ல, உறுதியான குரல். என்னுடையது.

அதன்பிறகு நடந்ததில் எனக்கு வேலை இல்லை. தன் தேர்தலைத் தலைவர் தானே பார்க்கக் கூடாது. வாளைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன், அல்லது மெல்க் என்னை உட்காரவைத்தார், பெஞ்சு ஈரம். துணைத்தலைவர் என் பெயரைச் சொன்னார். ஆற்றுப்புறத்திலிருந்து ஒரு கிழவர் பேச அனுமதி கேட்டார், ரோட்பாக்காரர், யாரென்று குரல் பிடிபடவில்லை. பிறந்த ஊருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிற தலைவரை நான் இதுவரை பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை, இம்தாலுக்குக் கை தூக்காதவன் மனிதன் இல்லை என்றார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது, மூச்சை விடுகிற சத்தம். இடையில் நின்றவர்கள், இரண்டு ஊரும் இல்லாதவர்கள், தங்களுக்குப் புரியாமல் போனதற்கு விளக்கம் கிடைத்த நிம்மதியில் விட்ட மூச்சு. அட, அப்படியா விஷயம். தலைவர் அப்படிப்பட்டவர். நாங்கள்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம். கைகள் உயர்ந்த சத்தம் இன்றைய நாளிலேயே பெரியது, இடமும் நடுவும் ஒன்றாக. வலப்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்டேன். அங்கே பனி விழுந்துகொண்டிருந்தது, பனி விழுகிற சத்தம் கேட்காது, ஆகவே அங்கே ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கையைக் கீழே வைத்திருந்தார்களா, அல்லது அமைதியாகத் தூக்கியிருந்தார்களா, ஃப்ரிட்லி தூக்கியிருப்பானா, அவன் ஒருவேளை தூக்கியிருப்பான், அது எதிர்த்து நிற்பதைவிட மோசம். சந்தேகத்துக்கு இடமில்லை, பெரும்பான்மை என்றார் துணைத்தலைவர், அவருக்கு நல்ல கண், முப்பத்தெட்டு வயது. உறுதிமொழிக்கு வாருங்கள் தலைவரே என்றார். எழுந்தேன். பெஞ்சிலிருந்து மேடை முனைக்கு ஏழு அடி, அதை இரண்டு வருடமாக எண்ணி வைத்திருக்கிறேன், ஆனால் எழுந்ததும் ட்ரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், வேறொருவர் தோளைத் தட்டினார், இன்னொருவர், எல்லோருக்கும் திரும்பித் திரும்பித் தலையசைத்தேன், பிறகு ஏழு அடி வைத்தேன். எதிரில் வெளுத்த பரப்பு. அது நின்றது, காத்திருந்தது, ஒரு தலைகூட அசையவில்லை, இவ்வளவு அமைதியான சபையை நான் பார்த்ததே இல்லை, பெரிய மரியாதை இது என்று நினைத்தேன். வலக்கையைத் தூக்கினேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூன்றும் மேலே, மற்ற இரண்டும் மடக்கி. யாருக்கும் பயப்படாமலும் யாருக்கும் சார்பில்லாமலும் என்று ஆரம்பித்தேன், என் குரல் மிக அருகிலிருந்தே மோதித் திரும்பி என் முகத்தில் விழுந்தது, கல்லும் சுண்ணாம்பும் ஈரமும் மணத்தது. ஜலதோஷம் பிடித்த மூச்சு ஒன்று பக்கத்தில் வந்தது. மெல்க்கின் கை என் முழங்கையைப் பிடித்தது, கன்றுக்குட்டியைத் திருப்புகிற மாதிரி, வலிக்காமல்.

"மக்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், தலைவரே" என்றார்.